முள் எப்போது அசைகிறது? மின்காந்தத் தூண்டல் பாடத்தைப் படிக்கும் முறை

இந்தப் பாடத்துக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காயில் கட்டும் கடைக்குப் போய் வாருங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் தேடவே வேண்டாம். எரிந்துபோன பம்பு மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுக்க ஏரியாவுக்கு ஒரு ரீவைண்டிங் பட்டறை இருக்கிறது. 36 கேஜ் எனாமல் காப்பர் கம்பி ஐம்பது கிராம் கேளுங்கள். ஸ்கூலுக்கு என்று சொன்னால், உருளையில் மிஞ்சிக் கிடப்பதைச் சும்மாவே சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு சாண் துண்டு, அதற்குள் தடங்கல் இல்லாமல் போய்வரும் அளவில் வட்டமான நியோடிமியம் காந்தம் நாலைந்து, சிவப்பு எல்இடி இரண்டு, ஒரு மல்ட்டிமீட்டர். மீட்டர் முள் வைத்ததாக இருந்தால் நல்லது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நாம் பார்க்க வேண்டியது அதற்குள் வந்து போய்விடும். மிகச் சிறிய மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் பள்ளி ஆய்வகத்துக் கால்வனாமீட்டர் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தத்தை வைத்துக் கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாக்குவது, ஒன்பதாம் வகுப்பிலேயே தலைகாட்டிவிடும். பிளஸ் டூவில் முதல் தொகுதியின் நான்காவது அலகாக விரிவாக வரும். ஃபாரடே விதியை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளிடம், "காந்தத்தைச் சுருளுக்குள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன், இப்போ கரண்ட் வருமா?" என்று கேட்டால் பாதிப் பேர் "வரும் டீச்சர்" என்கிறார்கள். வராது என்றால், "காந்தம் உள்ளதானுங்க டீச்சர் இருக்குது, அப்பறம் ஏன் வராது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பாடம் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதனால் கணக்கு, சூத்திரம் எல்லாம் பிறகு. முதலில் கையால் செய்து பார்க்க வேண்டும்.

சுருள் கட்டுவது

பைப்பின் நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குள் கம்பியைச் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரே திசையில் சுற்ற வேண்டும். பாதியில் எதிர்த்திசைக்கு மாறினால் பின்பாதிச் சுற்றுகள் முன்பாதியின் வேலையைக் கெடுத்துவிடும். மெல்லிய கம்பி, இறுக்கி இழுத்தால் அறுந்துவிடும். ஆயிரம் சுற்று வரை போனால் எல்இடி தாராளமாகக் கண் சிமிட்டும். எண்ணிக்கொண்டே சுற்றுவது அலுப்பாக இருந்தால் இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் சுற்ற ஒருவர் எண்ண.

சுற்றி முடித்ததும் இரண்டு முனைகளையும் ஒரு விரற்கடை நீளத்துக்கு பிளேடாலோ உப்புத்தாளாலோ சுரண்டிவிடுங்கள். கம்பி செம்பு நிறத்தில் பளபளவென்று இருப்பதால் வெறும் செம்பு என்று நினைத்துவிடுவோம். மேலே எனாமல் பூச்சு இருக்கிறது, அதன் வழியாக மின்சாரம் பாயாது. "எல்லாம் செஞ்சேன், முள் அசையவே இல்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கோட்டைவிட்டிருப்பார்கள். சரியாக வந்ததா என்று பார்க்க மீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனையிலும் தொடுங்கள். ஆயிரம் சுற்றுக்கு ஐம்பது, அறுபது ஓம் பக்கம் காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது.

இப்போது சுருளை மீட்டரோடு இணைத்து, மில்லிவோல்ட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு குட்டித் தண்டு ஆக்கி, ஒரு குச்சி நுனியில் டேப் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். அதை மெதுவாகச் சுருளுக்குள் நுழைத்துப் பாருங்கள். முள் ஒரு பக்கம் லேசாகச் சாய்கிறது. நடுவில் வந்ததும் கையை அப்படியே நிறுத்துங்கள். முள் சுழிக்குத் திரும்பிவிடுகிறது. காந்தம் உள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் முள் சுழியில் கிடக்கிறது. இந்த இடத்தில் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் முள்ளையே பாருங்கள். அப்புறம் காந்தத்தை வந்த வழியே வெளியே இழுங்கள். முள் மறுபக்கம் சாயும்.

இதையே சற்று வேகமாகச் செய்யுங்கள், சாய்வு கூடும். காந்தத்தைத் திருப்பிப் பிடித்துச் செய்யுங்கள். சாயும் பக்கம் மாறும். காந்தத்தை அசைக்காமல் சுருளை அதன்மேல் கொண்டுபோய்ச் செருகுங்கள். முன்பு போலவே சாயும். கடைசியாகக் காந்தத்தைச் சுருளுக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்தே மேசைமேல் இழுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் நகர்கின்றன, முள் மட்டும் நகராது.

எல்இடி இரண்டையும் தலைகீழாக ஒட்டி, அதாவது ஒன்றின் நீளக்கால் மற்றதன் குட்டைக்காலோடு சேரும்படி முறுக்கி, மீட்டர் இருந்த இடத்தில் இணையுங்கள். அறையைக் கொஞ்சம் இருட்டாக்கிவிட்டுக் காந்தத்தைச் சடாரென்று உள்ளே குத்துங்கள். ஒரு எல்இடி மின்னும். வெளியே இழுத்தால் இன்னொன்று மின்னும். சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும்; மெதுவாக நுழைத்தால் அந்த அளவை எட்டாது, அதனால் எரியாது. பேட்டரி இல்லை, பிளக் இல்லை, வெறும் கம்பியும் காந்தமும் உங்கள் கையின் வேகமும்தான்.

ஃபாரடேவுக்கும் முதலில் பிடிபடவில்லை

காந்தம் இருந்தால் மின்சாரம் வர வேண்டும் என்று நினைத்தது நம் பிள்ளைகள் மட்டும் இல்லை. மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று ஓர்ஸ்டெட் 1820இல் காட்டிய பிறகு, காந்தத்திலிருந்து மின்னோட்டத்தை எடுக்கப் பலர் முயன்றார்கள். ஜெனீவாவில் கோலாடன் என்பவர் 1825இல் இதே சுருள்–காந்தம் சோதனையைத்தான் செய்தார். பெரிய காந்தம் கால்வனாமீட்டரின் ஊசியை நேரடியாக இழுத்துவிடக் கூடாது என்று எச்சரிக்கையாக மீட்டரை அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் சுருளுக்குள் வைத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பார்ப்பதற்குள் ஊசி சுழிக்குத் திரும்பியிருந்தது. ஒரு உதவியாளர் மட்டும் மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாடப்புத்தகத்தில் பெயர் மாறியிருக்கும்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று ஒரு தேனிரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனிச் சுருள்கள் சுற்றி, ஒன்றில் மின்கலத் தொகுப்பை இணைத்தார். இணைத்த கணத்தில் மற்ற சுருளருகே வைத்த ஊசி துள்ளியது, பிறகு அடங்கியது. துண்டித்தபோது மறுபடி துள்ளியது. நடுவில் மின்னோட்டம் நிலையாக ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஊசி சும்மா கிடந்தது. அவர் தேடிய நிலையான மின்னோட்டம் கிடைக்கவில்லை. கிடைத்த துள்ளலை அவர் அலட்சியம் செய்யவில்லை. அக்டோபர் 17 அன்று வெறும் தண்டுக் காந்தத்தைச் சுருளுக்குள் செருகியும் எடுத்தும் பார்த்துவிட்டார். நீங்கள் பிவிசி பைப்பில் செய்தது அந்த அக்டோபர் சோதனை. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் தனியாக இதைக் கண்டார். தூண்டல் எண்ணின் அலகு அவர் பெயரில் இருக்கிறது.

பாயம் என்றால் எதை எண்ணுகிறோம்

சோதனை கையில் இருக்கும்போதே காந்தப்பாயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுருளின் வாய்க்குள் எவ்வளவு காந்தப்புலம் நுழைந்து போகிறது என்பதற்கான கணக்கு அது. புலத்தின் வலிமை, சுருளின் பரப்பு, இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன், மூன்றையும் பெருக்கினால் பாயம். அலகு வெபர்.

கோணத்தில் ஒரு பொறி இருக்கிறது. அது புலத்துக்கும் சுருளின் தளத்துக்கும் இடையில் உள்ள கோணம் கிடையாது. தளத்துக்குச் செங்குத்தாக வரைந்த கோட்டுக்கும் புலத்துக்கும் இடையில் உள்ளது. "சுருளின் தளம் புலத்துடன் 30° கோணத்தில் உள்ளது" என்று கேள்வியில் வந்தால் கொசைன் 60° போட வேண்டும். கேள்வி எழுதுகிறவர்களுக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது ஃபாரடே விதி. தூண்டப்படும் மின்னியக்கு விசை (மின்னோட்டத்தைத் தள்ளிவிடும் வோல்ட் அளவு) = சுற்றுகளின் எண்ணிக்கை × (பாயத்தின் மாற்றம் ÷ அதற்கு ஆன நேரம்). இதில் பாயம் எவ்வளவு என்பதற்கு இடமே இல்லை. எவ்வளவு மாறியது, எவ்வளவு சீக்கிரம் மாறியது, அவ்வளவுதான். காந்தம் உள்ளேயே நின்றபோது முள் ஏன் சுழியில் கிடந்தது என்பதற்கு விடை இதுதான்: பாயம் நிறைய இருந்தது, மாற்றம் இல்லை.

இது மனதில் பதிந்ததா என்று சோதிக்க ஒரு வரைபடம் போடுங்கள். ஒரே ஒரு சுற்று உள்ள வளையம். அதன் பாயம் முதல் 2 நொடியில் சுழியிலிருந்து 6 மில்லிவெபருக்குச் சீராக ஏறுகிறது. 5 ஆம் நொடி வரை அப்படியே இருக்கிறது. 6 ஆம் நொடிக்குள் சுழிக்கு இறங்கிவிடுகிறது. மின்னியக்கு விசை? முதல் பகுதியில் 3 மில்லிவோல்ட், நடுவில் சுழி, கடைசி ஒரு நொடியில் எதிர்த்திசையில் 6 மில்லிவோல்ட். நடுப் பகுதியில் பாயம் உச்சத்தில் இருக்கிறது, அங்கேதான் சுழி. இந்தப் படத்தைப் பார்க்காமல் வரைய வருகிறவர்களுக்கு இனிமேல் வரப்போவது எதுவும் கஷ்டம் இல்லை.

பாயத்தை மாற்ற மூன்றே வழிதான்: புலத்தை மாற்றலாம், பரப்பை மாற்றலாம், கோணத்தை மாற்றலாம். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் ஓரத்தில் இந்த மூன்றில் எது என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மின்மாற்றி என்றால் புலம். கம்பிகள்மேல் உருளும் தண்டு என்றால் பரப்பு. மின்னியற்றி (ஜெனரேட்டர்) என்றால் கோணம். மூன்றும் மாறவில்லை என்றால் விடை சுழி. சீரான புலத்துக்குள் முழுச் சுருளும் அப்படியே நேராக நகர்ந்தால் என்ன வரும் என்று ஒரு மதிப்பெண் கேள்வி வரும். சுருள் நகர்கிறது, ஆனால் மூன்றில் எதுவும் மாறவில்லை. புலத்தின் எல்லைக்குள் நுழையும்போதும் எல்லையைத் தாண்டி வெளியேறும்போதும் மட்டும்தான் ஏதாவது வரும்.

லென்ஸ் விதி: எதை எதிர்க்கிறது?

1834இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்னதைப் பிள்ளைகள் "தூண்டு மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கும்" என்று சுருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் பாதிக் கணக்கு தப்பாகிறது. அது எதிர்ப்பது மாற்றத்தை. புலம் குறைந்துகொண்டிருந்தால் தூண்டு மின்னோட்டம் அதே புலத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் பார்க்கும், எதிர்க்காது.

திசை கண்டுபிடிக்க நான் கரும்பலகையில் செய்யும் முறை இது. முதலில், வெளியிலிருந்து வரும் புலம் சுருள் வழியாக எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டாவது, அது கூடுகிறதா குறைகிறதா என்று எழுதுங்கள். கூடுகிறது என்றால் சுருளின் சொந்தப் புலம் அம்புக்கு எதிரே. குறைகிறது என்றால் அம்பின் திசையிலேயே. கடைசியாக வலது கையின் கட்டைவிரலை அந்தச் சொந்தப் புலத்தின் திசையில் நீட்டி மற்ற விரல்களை மடக்குங்கள்; விரல்கள் சுற்றும் பக்கம்தான் மின்னோட்டம். வடமுனை நெருங்கி வந்தால், காந்தத்தின் பக்கமிருந்து பார்க்கும்போது மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடும், அந்த முகம் வடமுனையாகி வருகிற காந்தத்தைத் தள்ளும். அதே வடமுனை விலகிப் போனால் வலஞ்சுழி. முகம் தென்முனையாகி, போகிற காந்தத்தைப் பிடித்து இழுக்கும். வந்தாலும் விடாது, போனாலும் விடாது. தென்முனைக்கான இரண்டு நிலையையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஏன் எதிர்க்க வேண்டும்? எதிர்க்காமல் உதவி செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை ஒருமுறை லேசாகத் தட்டிவிட்டால் போதும். சுருள் அதை இழுக்கும், வேகம் கூடும், மின்னோட்டம் கூடும், இன்னும் இழுக்கும். செலவே இல்லாமல் மின்சாரம். அப்படி ஒரு வசதி இயற்கையில் கிடையாது.

இதை விரலால் உணர ஒரு வழி உண்டு. பழைய பிரின்டரிலிருந்து கழற்றிய டிசி மோட்டார் ஒன்று கிடைத்தால் அதன் அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள், சுலபமாகச் சுழலும். இப்போது அதன் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டுச் சுற்றுங்கள். யாரோ உள்ளே பிடித்துக்கொண்ட மாதிரி கனக்கும். முனைகள் திறந்திருந்தபோது மின்னியக்கு விசை இருந்தது, சுற்று மூடாததால் மின்னோட்டம் இல்லை, எதிர்ப்பும் இல்லை. மூடியதும் மற்ற இரண்டும் வந்துவிட்டன. மின்னியக்கு விசை வேறு, மின்னோட்டம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் கரும்பலகையில் காட்ட முடிந்ததில்லை.

ஏசி மெக்கானிக்கிடம் துண்டுச் செப்புக் குழாய் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். அரை இஞ்ச் குழாய்க்குள் பத்து மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தத்தைப் போட்டு மேலிருந்து எட்டிப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது, சுவரிலும் உரசவில்லை; ஆனாலும் அது சாவகாசமாக இறங்கும். குழாயின் ஒவ்வொரு வளையமும் ஒரு சுற்றுள்ள சுருள். காந்தத்துக்குக் கீழே உள்ள வளையங்கள் தள்ளுகின்றன, மேலே உள்ளவை இழுக்கின்றன. அங்கே ஓடுவதுதான் சுழல் மின்னோட்டம். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் இதே வேலையைத்தான் பாத்திரத்தின் அடியில் செய்கிறது, நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் புலத்தை மாற்றி. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது ஏற்காது. கடையில் பாத்திரம் வாங்கும்போது ஒரு காந்தத்தைப் பையில் கொண்டுபோனால் போதும்.

நகரும் தண்டும் ஒரு விமானமும்

இரண்டு இணையான கம்பிகள்மேல் ஒரு உலோகத் தண்டு உருள்கிறது. புலம் தளத்துக்குச் செங்குத்து. மின்னியக்கு விசை = புலம் × தண்டின் நீளம் × வேகம். இந்தச் சூத்திரம் ஃபாரடே விதியின் பிள்ளைதான்: தண்டு நகர நகரச் சுற்றின் பரப்பு கூடுகிறது, நொடிக்குக் கூடும் பரப்பு நீளம் × வேகம்.

எண் போட்டுப் பாருங்கள். புலம் 0.4 டெஸ்லா, நீளம் 0.5 மீட்டர், வேகம் நொடிக்கு 3 மீட்டர். மின்னியக்கு விசை 0.6 வோல்ட். சுற்றின் மின்தடை 0.3 ஓம் என்றால் மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்னோட்டம் பாயும் தண்டின்மேல் புலம் செலுத்தும் விசை 0.4 × 2 × 0.5 = 0.4 நியூட்டன், அதுவும் பின்னோக்கி. அந்த விசைக்கு எதிராகத் தண்டைத் தள்ளிக்கொண்டே போக நொடிக்கு 0.4 × 3 = 1.2 ஜூல் வேலை. மின்தடையில் வெப்பமாகப் போவது 2 × 2 × 0.3 = 1.2 வாட். உங்கள் கை கொடுத்தது அப்படியே கம்பியில் சூடாகிறது. லென்ஸ் விதிக்குக் கூட்டல் கழித்தல் சரிபார்த்த மாதிரி இந்தக் கணக்கு. புத்தகத்தில் பெரும்பாலும் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கடைசி வரை போங்கள்.

விமானக் கணக்கும் இதே சூத்திரம். இறக்கைகளின் முனைக்கு முனை 30 மீட்டர், வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், புவிகாந்தப்புலத்தின் செங்குத்துக் கூறு 0.00004 டெஸ்லா. வேகத்தை நொடிக்கு 250 மீட்டராக மாற்றிப் பெருக்கினால் 0.3 வோல்ட். சரி. இதே விமானம் திருநெல்வேலிக்கு மேலே பறந்தால்? காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. அங்கே புவியின் புலம் ஏறத்தாழ முழுக்கக் கிடைமட்டமாகவே இருக்கிறது, செங்குத்துக் கூறு கிட்டத்தட்ட சுழி. இறக்கைகளின் முனைகளுக்கு இடையே ஒன்றும் வராது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிப் பக்கம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அந்த இடத்தின் இந்தத் தனித்தன்மைதான் காரணம். கணக்கில் "செங்குத்துக் கூறு" என்ற சொல்லை ஏன் அடிக்கோடிட வேண்டும் என்று நம் ஊரை வைத்தே சொல்லிக்கொள்ளலாம்.

சுழலும் சுருள்

மின்னியற்றியில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: சுருளின் பாயம் உச்சத்தில் இருக்கும்போது மின்னியக்கு விசை சுழி, பாயம் சுழியாக இருக்கும்போது மின்னியக்கு விசை உச்சம். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துக்குப் போகும்போது தூரம் அதிகம், ஆனால் அங்கே ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. நடுவைக் கடக்கும்போதுதான் வேகம் அதிகம். பாயம் ஊஞ்சலின் தூரம், மின்னியக்கு விசை அதன் வேகம். பாயம் கொசைன் வளைகோடு என்றால் மின்னியக்கு விசை சைன் வளைகோடு. உச்ச மதிப்பு = சுற்றுகள் × புலம் × பரப்பு × கோணத் திசைவேகம். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குக் கோணத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 314 ரேடியன். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்வதில் தப்பில்லை.

திசைக்கு ஃபிளெமிங்கின் வலக்கை விதி இருக்கிறது. தேர்வறையில் இடது கையா வலது கையா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். லென்ஸ் விதி நன்றாக வந்தால் எந்தக் கையும் வேண்டாம்.

சுழலும் மோட்டாருக்குள்ளும் இதே கதை ஓடுகிறது. மோட்டாரின் சுருள் காந்தப்புலத்தில்தானே சுழல்கிறது? அப்படியானால் அதிலும் மின்னியக்கு விசை தூண்டப்பட வேண்டும், அதுவும் நாம் கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு எதிராக. சுருளின் மின்தடை 2 ஓம், 220 வோல்ட் கொடுக்கிறோம், சுழலும்போது எதிர் மின்னியக்கு விசை 210 வோல்ட் என்றால் பாய்வது (220 − 210) ÷ 2 = 5 ஆம்பியர். அச்சு சிக்கி நின்றுவிட்டால் எதிர் மின்னியக்கு விசை சுழி. பாய்வது 110 ஆம்பியர். இது டிசி மோட்டார் கணக்கு. கிணற்று மோட்டார் ஏசி தூண்டல் வகை, எண்கள் இவ்வளவு எளிதாக வராது. ஆனால் மண் சிக்கி நின்ற மோட்டார் உறுமிக்கொண்டே காயிலைக் கருக்கிவிடுவது இதே சங்கதிதான்.

என் அண்ணன் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கருகிய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன்னால் பழைய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி, கேஜும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். எண்ணாமல் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சுத்து கொறஞ்சா ஆம்பியர் ஏறிரும்" என்றார். ஃபாரடே விதியில் சுற்றுகளின் எண்ணிக்கை முதல் ஆளாக நிற்பது இதற்குத்தான். கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு ஈடுகொடுக்க, குறைந்த சுற்றுகள் ஒவ்வொன்றும் அதிகப் பாய மாற்றத்தைத் தாங்க வேண்டும். இரும்பு உள்ளகம் தெவிட்டிப்போகும், அதாவது அதற்குமேல் காந்தமாக முடியாமல் நின்றுவிடும், மின்னோட்டம் எகிறும்.

மின்மாற்றி பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபாரடேயின் வளையம்தான் அது. முதன்மைச் சுருளில் பேட்டரியை இணைத்தால் துணைச் சுருளில் என்ன வரும் என்று கேட்டால், சுவிட்சைப் போடும் கணத்திலும் அணைக்கும் கணத்திலும் ஒரு துள்ளல், நடுவில் ஒன்றுமில்லை என்று ஊசியைப் பார்த்தவர்களுக்குத் தானாகவே வாயில் வரும். தன் மின்தூண்டல் என்பது ஒரே சுருள் தன் பாய மாற்றத்தைத் தானே எதிர்ப்பது. பரிமாற்று மின்தூண்டல் என்பது பக்கத்துச் சுருளின் மாற்றத்துக்கு எதிர்வினை. இரண்டின் அலகும் ஹென்றி.

கணக்குப் போடும்போது

கடைசியாக ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். 200 சுற்றுச் சுருள், பரப்பு 50 சதுர சென்டிமீட்டர், தளத்துக்குச் செங்குத்தாக 0.4 டெஸ்லா புலம். புலம் 0.02 நொடியில் சுழியாகிறது. சுருளின் மின்தடை 10 ஓம்.

முதல் வேலை பரப்பை மாற்றுவது. சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10,000ஆல் வகுக்க வேண்டும். 100ஆல் வகுத்து 0.5 என்று போடும் தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்குச் சிவப்புப் பேனா தீர்ந்திருக்கிறது. சரியான விடை 0.005 சதுர மீட்டர். ஒரு சுற்றின் பாயம் 0.4 × 0.005 = 0.002 வெபர், அது சுழிக்குப் போகிறது, எனவே மாற்றமும் அவ்வளவுதான். மின்னியக்கு விசை 200 × 0.002 ÷ 0.02 = 20 வோல்ட். மின்னோட்டம் 2 ஆம்பியர். சூத்திரத்தின் எதிர்க்குறி லென்ஸ் விதியைக் குறிப்பது; அளவு மட்டும் கேட்டால் எண்ணில் அதைச் சுமக்க வேண்டாம், திசை கேட்டால் படம் போட்டு அம்புக்குறியால் சொல்லுங்கள்.

இதே கேள்வியில் நேரத்தைக் கொடுக்காமல், சுருள் வழியாகப் பாய்ந்த மின்னூட்டம் எவ்வளவு என்று கேட்பதும் உண்டு. நேரம் இல்லையே என்று விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம். மின்னோட்டத்துக்குள் வகுத்தலில் இருக்கும் நேரமும் இதுவும் அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது சுற்றுகள் × பாய மாற்றம் ÷ மின்தடை. 200 × 0.002 ÷ 10 = 0.04 கூலூம். புலத்தை 0.02 நொடியில் அணைத்தாலும் சரி, 2 நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக அணைத்தாலும் சரி, இந்த 0.04 மாறாது.